அடித்த கையும் விசாரித்த கையும்

முதியோர் இல்லத்து ஆயாக்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் சாவிக்கொத்து. துணி அலமாரி, மருந்து அலமாரி, குளியலறை, பின்வாசல் என்று எல்லாப் பூட்டுக்கும் சாவி அவள் இடுப்பில்தான் தொங்கியது. நடந்தால் சாவிகள் பேசும். அந்தச் சத்தம் கேட்டதும், கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அதைப் பைக்குள் போடுவார்கள். சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் கையில் ஒரு துணியை எடுத்துக்கொள்வார்கள். இது அவளுக்கும் தெரியும். ஆனாலும் சாவிகளைக் கழற்றி வைக்க வேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. முன்கூட்டியே சத்தம் கொடுத்துவிட்டுப் போனால் திட்டுவது மிச்சம். திட்டுவதற்கும் உடம்பில் தெம்பு வேண்டுமே.

அவளும் ஆயாவாகத்தான் அங்கே சேர்ந்தாள். மலம் துடைத்து, தலை வாரி, வாயைத் திறக்க மறுப்பவர்களுக்குக் கரண்டியால் ஊட்டி, செத்தவர்களின் கண்ணை மூடி, மெல்ல மெல்ல மேற்பார்வைக்கு வந்தாள். விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தால் பொறுக்கமாட்டாள். அந்தச் சுருக்கம்தான் நாளைக்கு முதுகில் புண்ணாகும் என்பாள். புதிதாக வருகிற ஆயாக்களுக்கு அவளே பாடம் எடுப்பாள். எந்தப் பக்கம் புரட்டுவது, தண்ணீரின் சூட்டை முழங்கையால் எப்படிப் பார்ப்பது, இத்யாதி. "கை கால் வராதவங்களுக்கு அந்தப் பக்கம் உணர்ச்சியும் இல்லன்னு நினைச்சுக்காதீங்க. அசைக்கத்தான் முடியாது. வலி தெரியும்" என்பது அந்தப் பாடத்தில் ஒரு வரி.

சாயங்காலம் வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் அங்கேயும் அதே வேலை காத்திருந்தது.

கணவர் வெல்டர். கம்பிக் கதவு, ஜன்னல், மாடிப்படிக் கைப்பிடி என்று அந்தத் தெருவின் பாதி இரும்பு அவர் கை பட்டதுதான். வாய் ஓயாத மனிதர். கதவு மாட்டப் போன வீட்டில் காபி குடித்து, குடும்பச் சண்டையைத் தீர்த்துவைத்து, கதவைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சரி செய்துவிட்டு வருவார். ஒரு காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். வலக்கையும் வலக்காலும் போயின. பேச்சும் போயிற்று. ஒரே ஒரு சொல் மட்டும் எப்படியோ தப்பித்து நின்றது: "ஆமா." பசிக்கிறதா என்றாலும் ஆமா, பசிக்கவில்லையா என்றாலும் ஆமா.

"கல்யாணம் ஆனதுலேருந்து நான் சொன்ன ஒண்ணுக்கும் ஆமான்னு சொன்னதில்ல. இப்ப சேத்து வெச்சு சொல்லிட்டிருக்காரு" என்று ஆரம்பத்தில் இல்லத்துச் சமையற்கட்டில் சொல்லிச் சிரித்தாள். வருடங்கள் போகப் போக அந்தச் சிரிப்பு தேய்ந்துவிட்டது.

குழந்தைகள் இல்லை. பகலில் எதிர்வீட்டு அம்மாள் ஒருமுறை வந்து எட்டிப் பார்ப்பாள். மற்றபடி அவரைத் தூக்கி உட்கார வைக்க, துடைக்க, ஊட்ட இவள் ஒருத்திதான். கணவரின் அக்கா, அவளுடைய நாத்தனார், அதே ஊரில்தான் இருந்தாள். தம்பி விழுந்த புதிதில் ஒருநாள் பை நிறைய ஆப்பிளோடு வந்தாள். அரைமணி நேரம் சுவரோரமாக நின்றாள். போனவள் போனவள்தான். "அவங்க பாசம் அந்த ஆப்பிள் அழுகறதுக்கு முன்னாடியே அழுகிப்போச்சு" என்று சாவிக்கொத்து சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் சொன்னாள். யார் தொலைபேசியில் நலம் விசாரித்தாலும் பேச்சு சுற்றிச் சுற்றி நாத்தனாரிடம்தான் வந்து நிற்கும். கூடப் பிறந்தவளே இப்படியா என்று எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். அந்த உச்சுக் கொட்டலில் அவளுக்கு ஒரு வாய் தண்ணீர் குடித்த மாதிரி இருக்கும்.

யாரிடமும் சொல்லாதது ஒன்று இருந்தது. எப்போது தொடங்கியது என்று அவளுக்கே தெரியாது. விரிப்பை மாற்றி, அவரைத் துடைத்து, பவுடர் போட்டு, அப்பாடா என்று நிமிர்ந்த உடனே அவர் மறுபடியும் அசுத்தம் செய்த ஒரு சாயங்காலமாக இருக்கலாம். அவருடைய வலது மேற்கையின் உட்பக்கச் சதையை இரண்டு விரலால் பிடித்துத் திருகினாள். அவர் வாயிலிருந்து சத்தம் வரவில்லை. கண்ணில் மட்டும் தண்ணீர் நிறைந்தது. அன்று அவள் சாப்பிடவில்லை. ஆனால் அது மறுபடியும் நடந்தது. அப்புறமும் நடந்தது. எப்போதும் வலக்கைதான். செத்த கை. அடித்ததில்லை, ஒருநாளும் அடித்ததில்லை என்று தனக்குள் சொல்லிக்கொள்ள அது வசதியாக இருந்தது.

இந்த நிலையில்தான் இல்லத்தில் அந்த விவகாரம் வெடித்தது.

நெட்டை என்று ஓர் ஆயா. பேருக்கேற்ற உயரம். கனமான ஆட்களைத் தனியாகவே தூக்கி நாற்காலியில் உட்கார வைப்பாள். வேலையில் குறை சொல்ல முடியாது, வாய்தான் கொஞ்சம் நீளம். அந்த மாதம் இரண்டு ஆயாக்கள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார்கள். புதிதாக யாரையும் எடுக்காமல், இருப்பவர்களையே அடுத்தடுத்த ஷிஃப்டில் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தார் மேனேஜர். நெட்டை வீட்டுக்குப் போகாமலே ஷிஃப்ட் மாறிக்கொண்டிருந்தாள்.

அவள் பொறுப்பில் ஒரு தையல்காரர் இருந்தார். நினைவு கலைந்துபோனவர். பெற்ற மகனைக்கூடத் தெரியாது. ஆனால் விரல்களுக்குத் தொழில் மறக்கவில்லை. போர்வையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு இல்லாத ஊசியில் இல்லாத நூலை இழுத்துக்கொண்டே இருப்பார். ஊட்டுகிற சோற்றைக் கன்னத்தில் அடக்கி வைத்திருந்து நேரம் பார்த்துத் துப்புவார். அன்று மதியம் நெட்டையின் முகத்தில் துப்பினார். நெட்டை ஓங்கி அறைந்துவிட்டாள்.

பக்கத்துக் கட்டிலில் தன் அம்மாவைப் பார்க்க வந்திருந்த ஒரு பெண் அதைப் பார்த்துவிட்டுக் கூச்சல் போட்டாள். கொஞ்ச நேரத்தில் இல்லம் முழுக்கப் பரவிவிட்டது. தையல்காரரின் கன்னத்தில் விரல்கள் சிவப்பாகப் பதிந்திருந்தன.

மறுநாள் மேனேஜர் அறையில் விசாரணை. மேனேஜர், தலைமை நர்ஸ், சாவிக்கொத்து மூன்று பேரும் மேஜைக்கு ஒரு பக்கம், நெட்டை எதிரில். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"இதுல விசாரிக்க என்ன இருக்கு? இன்னிக்கே கணக்கு முடிச்சு அனுப்பிடலாம். அந்தப் பையன் போன்ல கத்துறான்" என்றார் மேனேஜர்.

"எந்தப் பையன்? அப்பாவை இங்க விட்டுட்டுப் போன நாள்லேருந்து வாசப்படி மிதிக்காத பையனா?" என்றார் தலைமை நர்ஸ். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலமே இருந்த அவர் எதற்கும் குரலை உயர்த்தாதவர். "பாவம் சார் இவ. வீட்டுக்குப் போய் எத்தனை நாளாச்சுன்னு கேளுங்க. நம்மள்ல யாரு யோக்கியம்? கத்தறவங்களுக்கு மாத்திரையை அரை கூடவே போட்டுத் தூங்க வைக்கறது யாரு? நான்தான். என்னை யாரு விசாரிக்கறது? ஒரு எச்சரிக்கை குடுத்து விட்டுடுங்க."

மேனேஜர் காதில் விழாத மாதிரி ஜன்னலைப் பார்த்தார்.

சாவிக்கொத்து இதுவரை வாயைத் திறக்கவில்லை. இப்போது கேட்டாள்: "அடிச்சியா?"

"அடிச்சேன். பாத்தவங்க இருக்காங்களே. நான் இல்லன்னு சொல்லலையே." நெட்டையின் கண்கள் தூக்கமில்லாமல் சிவந்திருந்தன. அந்தக் கண்களைச் சாவிக்கொத்தின் மேல் நிறுத்தினாள். "அக்கா, இவங்க ரெண்டு பேருக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரியும். நீங்களும் வீட்ல ஒருத்தரை வெச்சுப் பாத்துக்கறீங்க. ஒரு தடவைகூட உங்களுக்குக் கை நீண்டதில்லன்னு சொல்லுங்க. சொல்லிட்டீங்கன்னா நான் இப்படியே போயிடறேன். கணக்குகூட வேணாம்."

மேலே மின்விசிறி டக் டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். அந்த அறையில் யாரும் அவளைச் சந்தேகப்பட்டிருக்கமாட்டார்கள். இல்லை என்று சொல்வதுகூட முழுப் பொய் ஆகாது, அடித்ததில்லையே.  ஆனால் அவள் அதைச் சொல்லவில்லை.

"நான் அவரைப் பாத்துட்டு வரேன்" என்று எழுந்தாள்.

தையல்காரர் தலையணையில் சாய்ந்து நூல் இழுத்துக்கொண்டிருந்தார். கன்னத்தில் சிவப்பு மங்கியிருந்தது. அவள் கட்டிலருகே நின்றாள். தலையணை ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. அதைச் சரி செய்யலாம் என்று கையைத் தூக்கினாள்.

அவர் சட்டென்று முழங்கையை மடக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். கண்கள் இறுக மூடியிருந்தன. உடம்பு சின்னதாகிவிட்டது.

ஒரே ஒரு அறைக்கு ஓர் உடம்பு இப்படிப் பழகாது என்று அவளுக்குத் தெரிந்தது. மகன் பெயர் மறந்துபோன மனிதருக்கு இது மறக்கவில்லை. ஆனால் அவளைக் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொள்ள வைத்தது அது இல்லை. வீட்டில் அவள் பக்கத்தில் போகும்போதெல்லாம் கணவர் கண்ணை மூடிக்கொள்வார். தூங்குகிறார் என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டு அம்மாள்கூட ஒருதரம் கேட்டாள், "நான் வந்தா முழிச்சு முழிச்சுப் பாக்கறாரே, நீ வந்ததும் தூங்கிடறாரே?" என்று. நான் வந்ததும் நிம்மதியாகிவிடுகிறார் என்று அவள் பதில் சொல்லியிருந்தாள்.

கையைத் தாழ்த்தி, தள்ளி நின்று, "ஒண்ணும் இல்ல ஐயா. ஒண்ணும் இல்ல" என்றாள். அவர் முழங்கையை இறக்க வெகுநேரம் ஆயிற்று.

திரும்பி வந்தபோது மேனேஜர் காபி குடித்துக்கொண்டிருந்தார். நெட்டை நின்ற இடத்திலேயே நின்றாள்.

"ஒரு தடவைதானா?" என்று கேட்டாள் சாவிக்கொத்து.

 நெட்டை தலை குனியவில்லை.  "இல்ல" என்றாள்.

தலைமை நர்ஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"இனிமே இவ எந்தக் கட்டில் பக்கமும் போகக் கூடாது" என்றாள் சாவிக்கொத்து. "வேலையை விட்டு அனுப்ப வேணாம். துணி துவைக்கற பக்கம் போடுங்க. அங்க ஆள் பத்தல. ஆனா இனிமே ஒரு மனுஷனைத் தொடக் கூடாது."

"நான் கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லலையே" என்றாள் நெட்டை.

"நீ கேட்டது சரிதான். எனக்கு யோக்கியதை இல்ல."  மூட்டையை இறக்கி வைப்பவள் போலச் சொன்னாள். "நான் அடிச்சதில்ல. கிள்ளியிருக்கேன். பல தடவை. கறுத்துப் போற அளவுக்கு."



"அப்புறம் எந்த வாயால…" என்று தொடங்கினாள் நெட்டை.

"இந்த வாயாலதான். வேற வாய் எங்க இருக்கு இங்க? சிஸ்டர் மாத்திரை கூடப் போடறாங்க. சார் ரெண்டு பேர் வேலையை ஒருத்தி தலையில கட்டறாரு. நான் இப்படி. நீ பொறுத்துக்கோ, நான் பொறுத்துக்கறேன்னு நாம நாலு பேரும் ஒருத்தரை ஒருத்தர் மன்னிச்சுட்டு எழுந்து போயிடலாம். நல்லாத்தான் இருக்கும். அந்த மனுஷனுக்கு அதனால என்ன? யோக்கியமான ஒருத்தர் எங்கேருந்தாவது வந்து தீர்ப்புச் சொல்ற வரைக்கும் அவரு அடி வாங்கிட்டே இருக்கணுமா?"

மேனேஜர் காபிக் கோப்பையை ஓசைப்படாமல் வைத்தார். "உங்க வீட்டு விஷயமெல்லாம் இங்க எதுக்கு? நான் எதுவும் கேக்கல" என்றார்.

"கேளுங்க சார். கேட்டுக்கிட்டாத்தான் நல்லது."

அவர் கேட்கவில்லை. அவள் இல்லாவிட்டால் மறுநாள் இல்லம் ஓடாது என்று அவருக்குத் தெரியும். நெட்டையைத் துணி துவைக்கும் பகுதிக்கு மாற்றினார். தையல்காரர் மகனிடம் 'கடும் நடவடிக்கை எடுக்கப்பட்டது' என்று சொன்னார். மகன் சரி என்று சொல்லிவிட்டு வழக்கம்போல வராமலே இருந்தான். ஆட்களும் எடுத்தார், ஒரே ஒருத்தியை. இரண்டு பேர் நின்றுபோன இடத்துக்கு ஒருத்தி என்பதே அவர் கணக்கில் பெரிய தாராளம்.

அறையை விட்டு வெளியே வந்ததும் நெட்டை நின்றாள். "என்னைத் துணிகிட்ட அனுப்பிட்டீங்க. உங்களை யாரு அனுப்புவா?" என்று கேட்டாள். கோபமாகக்கூட இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல இருந்தது.  தெரியவில்லை என்றாள் சாவிக்கொத்து.

அன்று சாயங்காலம் அவள் நேரே வீட்டுக்குப் போகவில்லை. பஸ் மாறி நாத்தனார் வீட்டுக்குப் போனாள். நாத்தனார் புருஷன் போன பிறகு தனியாக, ஓர் அறையும் அடுப்படியும் உள்ள மாடி வீட்டில் இருந்தாள். இடுப்பில் வலி, படி இறங்க ஏற சுவரைப் பிடிக்க வேண்டும். கதவைத் திறந்தவள் இவளைக் கண்டதும் முதலில் கேட்டது, "தம்பி போயிட்டானா?"

"இல்ல அண்ணி. இருக்காரு."

உள்ளே போய் இருவரும் கட்டிலின் இரண்டு ஓரங்களில் உட்கார்ந்தார்கள். சுற்றி வளைக்கவில்லை. நான் அவரைக் கிள்ளுகிறேன், நிறுத்த முடியவில்லை என்று சொல்லிவிட்டாள். எந்தக் கை, எந்த இடம் என்பதையும் சொன்னாள். நாத்தனார் எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"ஊரெல்லாம் என்னை நாறடிச்சியே. கூடப் பிறந்தவளா இவன்னு பேச வெச்சியே. அந்த வாய்க்கு இந்தக் கையா?"

"ஆமா அண்ணி."

"தூக்கி வளத்த பையன்டி அவன். உன் கையை ஒடிச்சுப் போடணும் போல இருக்கு எனக்கு."

"ஒடிங்க. ஆனா வந்து ஒடிங்க. வீட்டுக்கு வாங்க. எங்கூட இருங்க. நீங்க இருந்தா நான் செய்யமாட்டேன்."

 நாத்தனார் சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "அன்னிக்கு வந்தேன்ல. அந்த நாத்தம் எனக்குத் தாங்கல. கீழ இறங்கி உங்க தெருவிலேயே வாந்தி எடுத்தேன். என் தம்பி நாத்தம். அதுக்கப்புறம் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு வர்றது?" குரல் மறுபடியும் கடுமையாயிற்று. "நான் வந்தா உன்னை மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காத."

"மன்னிக்கச் சொல்லி நான் வரல."

நாத்தனார் இரண்டு பைகளோடு வந்து சேர்ந்தாள். முன்னறையில் கணவரின் கட்டிலுக்கு எதிரே அவளுக்கு ஒரு கட்டில் போட்டார்கள். வந்த அன்றே தம்பியின் சட்டைக் கையைச் சுருட்டிப் பார்த்தாள். கன்றிப்போன பழைய மஞ்சள் தடங்களும் புதிய நீலமும் இருந்தன. "இவளா செஞ்சா?" என்று கேட்டாள். "ஆமா" என்றார் அவர். "நானா செஞ்சேன்?" "ஆமா" என்றார். நாத்தனார் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவளால் குனிந்து புரட்ட முடியாது, தூக்க முடியாது. ஊட்டினாள், பேச்சுக் கொடுத்தாள், பக்கத்தில் இருந்தாள். நாற்றத்துக்கு முதல் வாரம் மூக்கில் துணி கட்டிக்கொண்டாள். பிறகு அதையும் எடுத்துவிட்டாள்.

இரண்டு பெண்களும் ஒத்துப்போனார்கள் என்று சொல்ல முடியாது. உப்புக்குச் சண்டை, ஜன்னலைத் திறப்பதற்குச் சண்டை. ஆனால் தினமும் சாயங்காலம் சாவிக்கொத்து வேலையிலிருந்து வந்து அவரைத் துடைத்து முடித்ததும், நாத்தனார் வந்து அவர் சட்டைக் கையை மேலே தள்ளி இரண்டு புறமும் பார்ப்பாள். இவள் ஒதுங்கி நின்று இடம் விடுவாள். அவமானமாகத்தான் இருந்தது. வேண்டாம் என்று சொல்லத் தோன்றவில்லை. ஒருதரம், அவர் இரண்டாவது முறை விரிப்பை நனைத்தபோது, அவள் விரல்கள் அந்தச் சதை வரைக்கும் போய்விட்டன. நாத்தனாரின் இருமல் கேட்டது. விரல்களை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்க் குழாயடியில் நின்றாள். 

நெட்டை துணி துவைக்கும் பகுதியில் மழைக்காலம் முடியும்வரை இருந்தாள். சாவிக்கொத்தோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு வேறு எங்கோ வேலை கிடைத்துப் போய்விட்டாள். எங்கே என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. இன்னொரு முதியோர் இல்லம் என்று சமையற்கட்டில் ஒருத்தி சொன்னாள். அதைக் கேட்ட நாள் முழுக்க சாவிக்கொத்துக்கு எந்த வேலையும் ஓடவில்லை. வேலையை விட்டே அனுப்பியிருக்க வேண்டுமோ, அனுப்பாதது தப்போ, இல்லை அனுப்பியிருந்தால் இன்னும் சீக்கிரமாக அங்கே போய்ச் சேர்ந்திருப்பாளோ. எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் ஒரு பக்கம் அழுத்தியது.

அதற்குப் பிறகும் இல்லத்தில் விசாரணைகள் வந்தன. ஆயாக்களுக்கு அவள் விஷயம் தெரிந்திருந்தது. தலைமை நர்ஸ் சொல்லியிருக்கமாட்டார், நெட்டையோ மேனேஜரோ சொல்லியிருக்கலாம். "இவங்க வந்துட்டாங்க நியாயம் பேச" என்று முதுகுக்குப் பின்னால் சொல்வது அவள் காதில் விழும். திரும்பிப் பார்க்கமாட்டாள். போய் உட்கார்ந்து, கேட்க வேண்டியதைக் கேட்டு, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு எழுந்து வருவாள். முன்பு அப்படிச் சொல்லும்போது நெஞ்சில் ஒரு நிமிர்வு இருக்கும். அது போய்விட்டது. சொல்வது மட்டும் மிச்சமிருந்தது.

கணவர் இன்னும் சில வருடங்கள் இருந்தார். நாத்தனார் பக்கத்தில் வந்தால் கண்ணைத் திறந்தே வைத்திருப்பார். அவள் பழைய கதை ஏதாவது சொன்னால் இடது உதட்டோரம் சிரிக்கும். இவள் வந்தால் மூடிக்கொள்வார். கையில் ஒரு தடமும் இல்லாமல் போன பிறகும் அப்படித்தான். முதலில் எல்லாம் அவர் கண்ணைத் திறப்பார் என்று அவள் காத்திருந்தாள். கையை மெதுவாகக் கொண்டுபோய்ப் பார்த்தாள். கொண்டுபோவதற்கு முன் சொல்லிப் பார்த்தாள், "கையைத் துடைக்கறேன், வேற ஒண்ணும் இல்ல" என்று. "ஆமா" என்பார், கண் மூடியபடியே.

ஒரு கட்டத்தில் காத்திருப்பதை விட்டுவிட்டாள். தண்ணீரின் சூட்டை முழங்கையால் பார்த்து, துணியைப் பிழிந்து, முகத்திலிருந்து தொடங்கிக் கால்வரைக்கும் துடைத்து, சுருக்கமில்லாமல் விரிப்பை இழுத்துவிட்டு, "அண்ணி, முடிஞ்சுது, வந்து பாருங்க" என்று கூப்பிடுவாள்.